தொட்டது ஓரிடம், நகர்வது வேறிடம்: தொடுதிரைக் கேள்வி பதில்

பில்லிங் மெஷின், எடைமேடைக் கணினி, ஆலைகளில் இருக்கும் கன்ட்ரோல் பேனல் என்று தொடுதிரை வைத்த சிறு கணினிகளோடுதான் என் பொழுது போகிறது. வந்திருக்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் "கேலிப்ரேஷன் நிற்கவில்லை" என்பதுதான். தொட்ட இடமும் கர்சர் நிற்கும் இடமும் ஒன்றாகும்படி சரிசெய்வதுதான் கேலிப்ரேஷன். பதில்களுக்குள் போகும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். கேலிப்ரேஷனில் கை வைப்பதற்கு முன்னால், திரை என்ன எண்ணை அனுப்புகிறது என்று பாருங்கள். லினக்ஸில் ஈவ்டெஸ்ட் என்ற சின்ன நிரல் போதும். விரலை வைத்த இடத்தில் எண் ஆடாமல் நின்றால் மென்பொருளில் சரிசெய்துவிடலாம். எண்ணே துள்ளினால் கண்ணாடியையும் வயரையும் பவரையும் பாருங்கள்.

சார், மளிகைக் கடை பில்லிங் மெஷின், விண்டோஸ் 10. வாடிக்கையாளர் பார்க்க இன்னொரு சின்னத் திரை மாட்டினோம். அன்றிலிருந்து பெரிய திரையைத் தொட்டால் கர்சர் சின்னத் திரையில் ஓடுகிறது. நாலு முறை கேலிப்ரேட் செய்துவிட்டோம்.

எந்தத் திரையில் டச் இருக்கிறது என்று விண்டோஸுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். கன்ட்ரோல் பேனலில் டேப்லெட் பிசி செட்டிங்ஸ் போய் 'செட்அப்' அழுத்துங்கள். ஒவ்வொரு திரையிலும் மாறி மாறி ஒரு வாசகம் வரும். டச் உள்ள திரையில் வரும்போது விரலால் தொடுங்கள், மற்றதில் வந்தால் என்டர் தட்டுங்கள். அப்புறம் 'ரீசெட்' கொடுத்து, அந்த நாலு கேலிப்ரேஷனையும் அழித்துவிடுங்கள். இல்லையென்றால் புதிய கோளாறு அதிலிருந்து கிளம்பும்.

அண்ணா, ராஸ்பெரி பை 4 என்ற சின்ன போர்டு கணினி, மேலே செருகுகிற 3.5 இஞ்ச் திரை. பழைய ஓஎஸ்ஸில் ஒரு கேலிப்ரேஷன் ஃபைல் போட்டு நன்றாக ஓடியது. புக்வார்ம் என்ற ஓஎஸ் ஏற்றிய பிறகு அதே ஃபைலைப் போட்டும் இடது வலது மாறியே கிடக்கிறது. ஓரங்களையும் தொட முடியவில்லை.

2023 அக்டோபரில் வந்த புக்வார்மில், பை 4, பை 5 இரண்டிலும் டெஸ்க்டாப், திரையில் படம் காட்டும் பழைய எக்ஸ்11 அமைப்பை விட்டுப் புதிய வேலண்டுக்கு மாறிவிட்டது. நீங்கள் போட்டது எக்ஸ்11 படிக்கிற ஃபைல். வேலண்ட் அதைத் திறந்துகூடப் பார்க்காது. அவசரமென்றால் ராஸ்பி-கான்ஃபிக் என்ற செட்டிங்ஸ் நிரலில் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய் எக்ஸ்11-க்குத் திரும்பலாம். ஆனால் நிலையாக நிற்க வேண்டுமானால் யுடெவ் விதியாக (கருவிகளை அடையாளம் காணும்போது லினக்ஸ் படிக்கும் வரி) கேலிப்ரேஷனுக்கான ஆறு எண்களை எழுதுவதே நல்லது. டச்சைப் படிக்கும் லிப்இன்புட் என்ற மென்பொருள் அதை எங்கிருந்தாலும் மதிக்கும்.

அந்த ஆறு எண்களைக் கண்டு பயப்பட வேண்டாம். முதல் மூன்று கிடைமட்டத்துக்கு, அடுத்த மூன்று செங்குத்துக்கு. ஒவ்வொரு மூன்றிலும் முதல் எண் கிடைமட்ட அளவைப் பெருக்கும், இரண்டாவது செங்குத்து அளவைப் பெருக்கும், மூன்றாவது அப்படியே கூட்டப்படும். எதையும் மாற்றாத நிலை 1 0 0 0 1 0. உங்கள் திரையில் இருப்பது பெரும்பாலும் எக்ஸ்பிடி 2046 சிப். அது 0 முதல் 4095 வரை எண் தரும், ஏடிஎஸ் 7846 டிரைவரே அதற்கும் போதும். இப்போது பல்குத்தியின் மழுங்கிய முனையால் இடது ஓரத்தைத் தொட்டு எண்ணைக் குறியுங்கள், பிறகு வலது ஓரம். இடதில் 3767, வலதில் 328 வந்தது என்று வையுங்கள். இரண்டையும் 4095-ஆல் வகுத்தால் 0.92, 0.08. இடையில் 0.84 தூரம். அதை முழு 1-ஆக நீட்ட 1.19-ஆல் பெருக்க வேண்டும். திசை தலைகீழாக இருப்பதால் மைனஸ். இடது ஓரத்தில் 0 வர 1.19-ஐ 0.92-ஆல் பெருக்கி வரும் 1.095-ஐக் கூட்ட வேண்டும். ஆக முதல் மூன்று எண்கள் -1.19 0 1.095. சரிபாருங்கள்: 0.92-ஐப் போட்டால் 0 வரும், 0.08-ஐப் போட்டால் 1 வரும். இடது வலது மாறியதும் ஓரம் எட்டாததும் ஒரே வரியில் தீர்ந்தன. செங்குத்துக்கும் இதே கணக்குத்தான். எழுதிவிட்டு ஒரு ரீபூட்.

கட்டங்களைத் தொடச் சொல்லும் கேலிப்ரேஷன் நிரல்கள் உள்ளே செய்வதும் இதைத்தான். ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தவருக்கு இதன் மேல் இருக்கிற பயம் போய்விடும்.

திரையை நிமிர்த்தி வைத்தேன். படம் திரும்பிவிட்டது, டச் திரும்பவில்லை.

மேலே சொன்ன அந்த ஆறு எண்கள்தான்: வலப்பக்கமாக 90 பாகை திருப்பியிருந்தால் 0 -1 1 1 0 0. இடப்பக்கமென்றால் 0 1 0 -1 0 1. நீங்கள் விற்பனைக்கான கருவி செய்கிறவரானால் டிவைஸ் ட்ரீயிலேயே (போர்டில் என்னென்ன வன்பொருள் என்று லினக்ஸுக்குச் சொல்லும் ஃபைல்) அச்சு மாறியிருக்கிறது என்று எழுதிவிடுங்கள். பிறகு மேலே எந்த மென்பொருள் வந்தாலும் சரியாகவே இருக்கும்.

கல்லூரி ப்ராஜெக்ட். ஜிடி 911 டச் சிப். ஒரு தடவை ஆன் செய்தால் வேலை செய்கிறது, அடுத்த தடவை சிப்புகள் பேசிக்கொள்ளும் ஐ2சி இணைப்பில் ஆளையே காணோம். போர்டு கெட்டுவிட்டதா?

போர்டு நன்றாகத்தான் இருக்கும், தம்பி. அந்தச் சிப்புக்கு இரண்டு முகவரி. ரீசெட்டை விடுவிக்கிற நொடியில் இன்டரப்ட் பின் (தொட்டதை கன்ட்ரோலருக்கு அறிவிக்கும் கால்) தாழ்ந்திருந்தால் ஹெக்ஸில் 5டி, உயர்ந்திருந்தால் ஹெக்ஸில் 14. அந்தப் பின்னை நீங்கள் சும்மா விட்டிருந்தால் ஒவ்வொரு முறையும் அது நினைத்தபடி ஒரு முகவரியை எடுத்துக்கொள்ளும். இன்டரப்ட், ரீசெட் இரண்டையும் உங்கள் கன்ட்ரோலர் பின்களோடு இணைத்து, ரீசெட் நடக்கும்போது இன்டரப்ட்டைத் தாழ்த்திப் பிடியுங்கள். அப்புறம்தான் அதை இன்புட்டாக மாற்ற வேண்டும்.

அரிசி ஆலைக் கன்ட்ரோல் பேனல். கர்சர் கீழ் வலது மூலையில் போய் ஒட்டிக்கொள்கிறது. பேனலைப் புதுச் சட்டத்தில் பொருத்திய நாளிலிருந்து இப்படி. மாற்றுத் திரை வாங்கச் சொல்கிறார்கள்.

வாங்காதீர்கள், பொறுங்கள். ஆலைப் பேனல் என்றால் பெரும்பாலும் ரெசிஸ்டிவ் வகை. மெல்லிய பிளாஸ்டிக் படலமும் கண்ணாடியும் நடுவில் நுண்புள்ளிகளால் விலகி நிற்கும். அழுத்தினால் இரண்டும் ஒட்டும். சட்டமே ஒரு மூலையை அழுத்திக்கொண்டிருந்தால் யாரோ எப்போதும் அங்கே விரல் வைத்திருப்பதாகத்தான் கணினி நினைக்கும். ஒரு விசிட்டிங் கார்டை எடுத்து, சட்டத்துக்கும் படலத்துக்கும் நடுவில் நுழைத்து நாலு பக்கமும் இழுத்துப் பாருங்கள். நல்ல இடங்களில் வழுக்கிப் போகும், கோளாறான இடத்தில் சிக்கும். அந்தப் பக்கத்துத் திருகை அரைச் சுற்று தளர்த்துங்கள். போன மாதம் ஓர் ஆலையில் அட்டை சிக்கிய இடத்தில், படலத்தின் ஓரத்தில் தவிடு இறுகி மெழுகுபோல் படிந்திருந்தது. மென்மையான தூரிகையால் எடுத்ததும் கர்சர் மூலையை விட்டு வந்தது. ஆலை முதலாளியின் முகத்தில் வந்த நிம்மதி இன்னும் நினைவிருக்கிறது.

அதே ரெசிஸ்டிவ் வகை, எடைமேடையில். 'சேவ்' பொத்தான் இருக்கும் இடம் மட்டும் தள்ளித் தள்ளி வேலை செய்கிறது. மற்ற இடமெல்லாம் சரி.

தினமும் அழுத்திய இடத்தில் மின்கடத்தும் பூச்சு தேய்ந்துவிட்டது. கேலிப்ரேஷன் திரை முழுவதையும் சேர்த்துத்தான் நகர்த்தும், நீட்டும். ஓரிடத்துத் தேய்மானத்தை அதனால் சரிசெய்ய முடியாது. இதற்குப் படலம் மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது ஐந்து வயர் வகையாகக் கேளுங்கள். அதில் இடத்தை அளக்கிற பூச்சு கீழே கண்ணாடியில் இருப்பதால் மேல் படலம் தேய்ந்தாலும் இடம் தவறாது. ஆனால் கன்ட்ரோலரும் ஐந்து வயருக்கானதாக இருக்க வேண்டும்.

கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடும்போது மட்டும் திரை தானாக அமுங்குகிறது. கெபாசிட்டிவ் திரை. டிரைவர் இரண்டு முறை மாற்றியாயிற்று.

டிரைவரை விடுங்கள். கெபாசிட்டிவ் திரை அளப்பது மிக மிகச் சிறிய மின்தேக்க மாற்றத்தை. பவரில் வரும் இரைச்சல் அதைவிடப் பெரிதானால் விரல் எது, இரைச்சல் எது என்று சிப்புக்குத் தெரியாது. கணினியை அடாப்டரிலிருந்து கழற்றி, அதே வோல்டேஜ் பேட்டரியில் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். திரை அமைதியானால் குற்றவாளி பவர்தான். பிறகு அடாப்டரைப் பாருங்கள்: இரண்டு பின் இருந்தால் எர்த் உள்ள மூன்று பின்னுக்கு மாறுங்கள், ஜெனரேட்டர் லைனில் அந்த எர்த் உண்மையிலேயே மண்ணுக்குப் போகிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து அளந்துவிடுங்கள்.