ஒரு விசையில் மட்டும் 'டக்' இல்லை: தூக்கிப் போட வேண்டாம்

குளச்சலில் அப்பா நடத்திய தட்டச்சுக் கடையின் பழைய ஐபிஎம் மாடல் எம் விசைப்பலகையில் ஒரு விசை மட்டும் ஓசையின்றி அமுங்குகிறது, எறிந்துவிடலாமா என்கிறீர்கள். ஐயோ, வேண்டாம்! 1985-இல் வந்த இந்த வகையில் ஒவ்வொரு விசைக்கடியிலும் ஒரு சுருள்வில் உண்டு. அமுக்கும்போது அது சட்டென்று மடங்கிப் பக்கச்சுவரில் மோதுவதுதான் அந்த 'டக்'. எழுத்து பதிவாவதும் அதே கணத்தில்தான். விரலுக்கு அத்தனை திருப்தி அதனால்தான். (என் மனைவிக்கு மட்டும் அது தகரக்கூரையில் ஆனிச் சாரல்.)

விசை மூடியை நேராக மேலே இழுத்துக் கழற்றுங்கள். வில்லில் துரு இருக்கிறதா பாருங்கள். நம் கடற்காற்று இரும்பை விட்டுவைக்காது. துரு இல்லையென்றால் வில் சாய்ந்திருக்கக்கூடும். ஸ்பேஸ் பார் மேலே வரும்படி பலகையைச் செங்குத்தாக நிறுத்திக்கொண்டு மூடியை மாட்டுங்கள். 'டக்' கேட்டால் வில் சரியாக உட்கார்ந்துவிட்டது.