புது அட்டை

அன்புள்ள சார்,

இயக்குநர் ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’, ‘வெர்டிகோ’ இரண்டையும் பலமுறை பார்த்தவன் நான். அவருடைய மௌனப்படங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, அவர் இங்கிலாந்தில் எடுத்த மௌனப்படம் ‘தி லாட்ஜர்’ பார்க்க உட்கார்ந்தேன். பாதியிலேயே தூங்கிவிட்டேன். அதெல்லாம் அவர் கைப்பழக்கத்துக்கு எடுத்த படங்கள்தானே?

வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

தூங்கியதில் தப்பில்லை. 1927இல் வந்த அந்தப் படம் எனக்கும் சில இடங்களில் இழுவைதான். ஆனால் கண்ணாடித் தளக் காட்சிக்கு முன்னால் தூங்கினீர்களா, பின்னாலா? மாடியில் குடிவந்தவன் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறான். கீழே வீட்டுக்காரர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள், விளக்கு ஆடுகிறது. காலடிச் சத்தத்தைக் கேட்கவைக்க வழியில்லை. கனத்த கண்ணாடியில் தளம் போட்டு, அதன்மேல் குடிவந்தவனாக நடித்த ஐவர் நோவெல்லோவை நடக்கவிட்டு, கீழேயிருந்து எடுத்தார். சத்தம் கண்ணுக்குத் தெரிகிறது.

எனக்குப் பிடித்தது அதே வருடம் வந்த ‘தி ரிங்’. பொருட்காட்சிக் கொட்டகையில் குத்துச்சண்டை போடும் ‘ஒன் ரவுண்ட்’ ஜாக்கிடம் எவனும் முதல் ரவுண்டைத் தாண்டியதில்லை. ஒருநாள் ஒருவன் தாண்டிவிடுகிறான். எத்தனையாவது ரவுண்ட் என்று காட்டும் பலகையிலிருந்து ‘1’ அட்டையைக் கழற்றுகிறார்கள். அழுக்கேறி, நைந்துபோன அட்டை. அந்த இடத்தில் வரும் ‘2’ பளபளவென்று புத்தம்புதிதாக இருக்கிறது. அவ்வளவுதான், வசனம் எதற்கு? பிறகு ஜாக் ஜெயித்துவிட்டு, நண்பர்களை வீட்டுக்கு அழைத்து ஷாம்பெய்ன் ஊற்றிவைக்கிறான். மனைவி வரவில்லை. கோப்பைகளில் நுரை அடங்கிப்போகிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஹிட்ச்காக் சினிமாவுக்குள் நுழைந்ததே லண்டன் இஸ்லிங்டன் ஸ்டுடியோவில் எழுத்து அட்டை, அதாவது மௌனப்படத்தில் வசனத்தையும் விளக்கத்தையும் எழுதிக் காட்டும் அட்டை, வடிவமைப்பவராகத்தான். 1924இல் வேலையாக ஜெர்மனி போனபோது, ஜெர்மன் இயக்குநர் முர்னாவ் ‘தி லாஸ்ட் லாஃப்’ எடுப்பதை நேரில் பார்த்தார். எழுத்து அட்டையே அனேகமாக இல்லாத படம் அது. தான் பிழைத்த தொழிலையே வேண்டாததாக்கும் வித்தையை அங்கே பார்த்திருக்கிறார்.

கைப்பழக்கம் என்கிறீர்கள். சரி, ‘வெர்டிகோ’வை நினைத்துப் பாருங்கள். நாயகன் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் காரில் ஒரு பெண்ணின் பின்னாலேயே போகிறார்: பூக்கடை, கல்லறை, ஓவியக்கூடம். நிமிடக்கணக்கில் பேச்சே கிடையாது. இசையை எடுத்துவிட்டால் அது 1927தான். இன்று அவரைப் பின்பற்றுகிறவர்கள் பெரும்பாலும் கதைத் திருப்பத்தைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் புது அட்டையை விட்டுவிடுகிறார்கள்.

அப்புறம், மங்கிய பிரதியில் பார்த்திருந்தால் மறுபடி முயலுங்கள். பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் அவருடைய 9 மௌனப்படங்களை 2012இல் சீரமைத்தது. ‘லாட்ஜர்’ இருக்கட்டும், ‘தி ரிங்’கிலிருந்து தொடங்குங்கள்.