மறைந்துபோன மெயின்ஃபிரேம் வசதிகளும் ஃபோர்ட்ரானின் மூவழி இஃப் கூற்றும்

பழைய மெயின்ஃபிரேம், அதாவது பெருங்கணினிக் காலத்து நிரல்மொழிகளில் இருந்து வழக்கொழிந்துவிட்ட வசதிகளில் எவை நினைவில் இருக்கின்றன, அவற்றில் எதையாவது இழந்ததாக நினைக்கிறீர்களா என்று கேட்டிருக்கிறீர்கள். சென்னை ஐஐடியில் 1973-இல் நிறுவப்பட்ட ஐபிஎம் 370/155 கணினியில் மாணவனாக, அறிவியல் கணக்குகளுக்கான நிரல்மொழியான ஃபோர்ட்ரானைக் கற்றுக்கொண்டு, பிறகு தஞ்சாவூரில் காவிரிப் பாசனக் கணக்குகளை நிரல்களாக எழுதும் வேலையில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். மறைந்தவற்றில் பெரும்பாலானவை மறைய வேண்டியவைதாம். ஃபோர்ட்ரானின் மூவழி இஃப் கூற்று என்ற ஒன்றின் இழப்பு மட்டும் இன்றும் என்னை வருத்துகிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

பஞ்ச் கார்டுகளைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். நிரலின் ஒவ்வொரு வரியையும் ஓர் அட்டையில் துளைகளாக இடுவோம்; ஒரு கார்டில் 80 கட்டங்கள் இருக்கும். முதல் 5 கட்டங்கள் கூற்றின் எண்ணுக்கும், 6-ஆவது கட்டம் முந்தைய கார்டின் தொடர்ச்சி என்று காட்டுவதற்கும், 7 முதல் 72 வரை கூற்றுக்கும் உரியவை. மிச்சமுள்ள 8 கட்டங்களை, நிரலைக் கணினியின் மொழிக்கு மாற்றும் கம்பைலர் பார்ப்பதே இல்லை. கட்டு சிதறினால் மறுபடி அடுக்குவதற்காக அவற்றில் வரிசை எண் துளையிடுவோம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தஞ்சாவூரில் துளையிட்ட கார்டுகள் ஈரம் குடித்து உப்பிவிடும். சென்னையில் இருந்த கணினிக்காக இரவு ரயிலில் எழும்பூர் போய்ச் சேர்ந்த கட்டு, கார்டு ரீடரில் சிக்கிக்கொள்ளாமல் ஓடினால் அது நல்ல நாள்.

இன்றைய நிரலாளர்கள் நம்பவே தயங்குவது, லைன் பிரிண்டரை இயக்கிய முதல் எழுத்து விதியைத்தான். ஃபோர்ட்ரானில் ஒரு வரியை அச்சுக்கு அனுப்பினால், அந்த வரியின் முதல் எழுத்து காகிதத்தில் விழாது. காகிதத்தை எவ்வளவு நகர்த்துவது என்ற ஆணையாக அது எடுத்துக்கொள்ளப்படும். வெற்றிடம் இருந்தால் ஒரு வரி நகரும், பூஜ்யம் இருந்தால் இரண்டு வரி நகரும், கூட்டல் குறி இருந்தால் நகராமல் முந்தைய வரியின் மேலேயே அடிக்கும், 1 இருந்தால் புதிய பக்கத்துக்குப் போகும். மேட்டூர் அணையின் நீர்மட்டத்தை நாள்தோறும் ஒரு வரியாக அச்சிடும் நிரல் ஒன்று என்னிடம் பராமரிப்புக்கு வந்தது. அது பல மாதங்கள் சரியாக ஓடிக்கொண்டிருந்தது. அணை நிரம்பத் தொடங்கிய ஒரு பருவத்தில் மட்டும் நாளுக்கு ஒரு முழுத்தாளைத் தள்ளி, ஒவ்வொரு தாளின் தலையிலும் நீர்மட்டம் 4 அடி, 5 அடி என்று அச்சிட ஆரம்பித்தது. டெல்டா முழுவதும் குறுவைக்கும் சம்பாவுக்கும் நம்பியிருக்கும் அணையின் கணக்கு அது. பார்த்தவர்களுக்குப் பதற்றம் வந்ததில் வியப்பில்லை.

காரணம் எளியது. நீர்மட்டத்துக்கு எஃப்6.2 என்ற வடிவம் கொடுக்கப்பட்டிருந்தது, அதாவது புள்ளியையும் சேர்த்து மொத்தம் 6 இடங்கள். மட்டம் 98.50 அடியாக இருந்தவரை எண் 5 இடங்களில் அடங்கி, முன்னால் ஒரு வெற்றிடம் நின்றது; அந்த வெற்றிடம் ஒரு வரி நகர்த்து என்ற ஆணையாகத் தற்செயலாகப் பொருந்திக்கொண்டது. மட்டம் 104.30 ஆனதும் 6 இடங்களும் நிரம்பி, முன்னால் இருந்த 1 புதிய பக்கத்துக்கான ஆணையாகப் பறிபோய், தாளில் 04.30 மட்டும் விழுந்தது. 120 அடி முழுக் கொள்ளளவு உள்ள அணைக்கு எழுதப்பட்ட நிரலை, வறண்ட மாதங்களின் எண்களை வைத்தே சோதித்திருக்கிறார்கள். வடிவத்தின் தொடக்கத்தில் ஒரு வெற்றிடத்தைச் சேர்த்ததும் சரியாகிவிட்டது. இந்த விதியை ஃபோர்ட்ரான் மொழியின் 2003-ஆம் ஆண்டுத் தரம் நீக்கியபோது எனக்கு நிம்மதியே ஏற்பட்டது.

அடுத்தது ஹாலரித் எழுத்துச்சரம். ஒரு சொல்லை அச்சிட வேண்டுமானால் அதில் எத்தனை எழுத்துகள் என்று நாமே எண்ணி, அந்த எண்ணையும் எச் என்ற எழுத்தையும் முன்னால் போட வேண்டும். ஐபிஎம் கம்பைலர் மேற்கோள் குறியையும் ஏற்றுக்கொண்டது என்றாலும், வேறு கணினிக்கும் போகக்கூடிய நிரல்களில் ஹாலரித் முறையையே பின்பற்றினோம். 1982-இல் மாயூரம் அதிகாரபூர்வமாக மயிலாடுதுறை ஆனது. ஆங்கில எழுத்தில் 7 இடம் பிடித்த பெயர் 14 இடம் பிடிக்கும் பெயராகிவிட்டது. பெயரை மாற்றிவிட்டு எண்ணை மாற்றாமல் விட்டால், முதல் 7 எழுத்துகளைப் பெயராகக் கொண்டு, மீதியை வடிவக் குறியீடுகளாகப் படிக்க முயன்று கம்பைலர் பிழை காட்டும், அது பரவாயில்லை. எண்ணைக் கூடுதலாகப் போட்டுவிட்டால் பின்னால் வரும் காற்புள்ளியையும் எண் வடிவத்தையும் அந்தச் சரமே விழுங்கிவிடும்; சில சமயம் கம்பைலர் முணுமுணுக்கக்கூடச் செய்யாது. போதாக்குறைக்கு, கூடுதலான எழுத்துகள் 72-ஆவது கட்டத்தைத் தாண்டினால் அவை வரிசை எண்ணுக்கான இடத்தில் விழுந்து மறைந்துபோகும். எழுத்தெண்ணிப் படிப்பது என்பதை அக்கறையாகச் செய்தவர்கள் நாங்கள். ஆனால் அது இயந்திரம் செய்ய வேண்டிய வேலை, மனிதர் செய்ய வேண்டியதில்லை.

வணிகக் கணக்குகளுக்கான கோபோல் மொழியின் ஆல்டர் கூற்றை நினைத்துப் பார்க்கவே எனக்குப் பிடிக்காது. நிரலில் ஓரிடத்தில் எழுதியிருக்கும், வேறு வரிக்குத் தாவச் சொல்லும் ஆணையின் இலக்கை, வேறோர் இடத்தில் இருந்துகொண்டு, நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றிவிடும் வசதி அது. நினைவகம் சில ஆயிரம் எழுத்துகளே இருந்த ஐபிஎம் 1401 போன்ற கணினிகளில் துணைநிரல் திரும்பிச் செல்லும் வழியையே ஆணையைத் திருத்தி எழுதித்தான் அமைத்தார்கள் என்பதால், அந்தக் காலத்தவருக்கு இது இயல்பாகத் தோன்றியிருக்கும். ஆனால் தாளில் படிப்பதற்கும் உள்ளே நடப்பதற்கும் தொடர்பே இல்லாத நிரலை யாரும் பராமரிக்க முடியாது. 1985-ஆம் ஆண்டுத் தரம் இதை வழக்கொழிந்தது என்று அறிவித்தது. 2002-ஆம் ஆண்டுத் தரம் நீக்கியே விட்டது.

இனி நான் இழந்ததாக நினைப்பதற்கு வருகிறேன். 1957-இல் ஐபிஎம் 704 கணினிக்காக வந்த முதல் ஃபோர்ட்ரானிலேயே மூவழி இஃப் இருந்தது. அடைப்புக்குள் ஒரு கணக்கையும் அதன் பின் மூன்று கூற்று எண்களையும் எழுத வேண்டும்: விடை எதிர்மறையானால் முதல் எண்ணுக்கும், பூஜ்யமானால் இரண்டாவதற்கும், நேர்மறையானால் மூன்றாவதற்கும் கட்டுப்பாடு போகும். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என்று நீர் பிரிகிறது. வரும் நீரில் இருந்து பாசனத் தேவையைக் கழித்தால் குறை வந்தால் முறைப்பாசனம், மிகை வந்தால் கொள்ளிடத்தில் திறப்பு, இரண்டும் சமமானால் எதையும் தொடாமல் விடுவது என்று எங்கள் கணக்கு நிரலில் மூன்று கிளைகள் இருந்தன. சமம் என்ற நிலைக்கு என்ன செய்வது என்று பொறியாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் அந்த வரியை எழுதி முடிக்கவே முடியாது. மூன்றாவது எண்ணைப் போடாவிட்டால் கம்பைலர் ஏற்காது. பிற்காலத்தில் இதே கணக்கை வேறு மொழிகளில் எழுதியவர்களின் நிரல்களைப் படித்தேன். குறைந்தால் ஒன்று, இல்லையேல் மற்றொன்று என்று இரண்டாகவே பிரித்து, சமமான நாள்களிலும் கொள்ளிடத்தில் பூஜ்ய கனஅடி திறந்ததாகப் பதிவு போட்டிருந்தார்கள். ஆண்டு முடிவில் திறப்பு நாள்களின் எண்ணிக்கையே தவறாக வந்தது.

அந்த இஃப் எங்களுக்கு இன்னொரு வகையிலும் காவலாக இருந்தது. அக்காலக் கம்பைலர்கள் பெரும்பாலானவற்றில், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் டூ சுழற்சி, எண்ணிக்கை பூஜ்யமானாலும் ஒரு முறை ஓடிவிடும்; ஃபோர்ட்ரான் 77 தான் அதைத் திருத்தியது. மதகு அடைத்திருந்த வாய்க்காலுக்குப் பதிவுகள் ஏதும் இல்லாவிட்டாலும், நினைவகத்தில் மிச்சமிருந்த முந்தைய வாய்க்காலின் அளவு அதன் பெயரில் ஏறிவிடும். சுழற்சிக்கு முன்னால் ஒரு மூவழி இஃப் போட்டு, எதிர்மறைக்கும் பூஜ்யத்துக்கும் சுழற்சியைத் தாண்டிச் செல்லும்படி எழுதி வைப்போம்.

குறையும் இருந்தது. பின்ன எண்களில் கழித்தால் விடை துல்லியமாகப் பூஜ்யம் ஆவது அரிது என்பதால், நடுக்கிளை பெயரளவுக்கே இருக்கும். அதனால் நீர்மட்டத்தை அடியில் நூற்றில் ஒரு பங்காக முழு எண்ணாக்கிய பிறகே ஒப்பிடுவோம். கூற்று எண்கள் பெருகிப் படிப்பது கடினமாகும் என்ற குற்றச்சாட்டும் நியாயமானதே. ஃபோர்ட்ரான் 90 இதை வழக்கொழியும் பட்டியலில் சேர்த்தது. 2018-ஆம் ஆண்டுத் தரம் நீக்கிவிட்டது.

நீங்களே எழுதிப் பார்க்க விரும்பினால், ஜிஃபோர்ட்ரான் என்ற கம்பைலர் இன்றும் நீக்கப்பட்ட வசதி என்று எச்சரித்துவிட்டு இதை மொழிபெயர்த்துத் தருகிறது. கார்டின் கட்டங்களைப் பின்பற்றும் பழைய நிலை வடிவக் கோப்பாகவே எழுதுங்கள். கூற்று எண்கள் முதல் 5 கட்டங்களுக்குள்ளும், கூற்று 7 முதல் 72 வரையிலான கட்டங்களுக்குள்ளும் இருக்க வேண்டும்.