கோல் காப்பாளனுக்கு அவசரம் ஆகாது

அன்புள்ள அக்கா,

கவலைப்பட வேண்டாம், எல்லாம் நல்லபடி நடக்கும் என்று எழுதத்தான் முதலில் நினைத்தேன். ஆனால் உங்கள் கடிதத்தின் கடைசிப் பந்தியில், உங்கள் மகனை, நம் தம்பியை, ஒரு தனியார் ஐஸ் ஹொக்கி அகடமியில் சேர்ப்பதற்காக வீட்டுக் கடனைக் கூட்ட அவனுடைய அப்பா வங்கியோடு கதைத்துவிட்டார் என்று இருக்கிறது. இனி ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை. தயவுசெய்து அந்தப் பத்திரத்தில் கையெழுத்து வைக்காதீர்கள்.

தம்பிக்கு 16 வயது, ஆடுவது கோல் காப்பாளனாக. இளையோருக்கான ஒன்ராறியோ ஹொக்கி லீக்கின் ஆட்டக்காரர் தெரிவில் 20 அணிகள், 15 சுற்றுகள். எதிலும் அவன் பெயர் வரவில்லை. அப்பா அகடமி என்கிறார். பெரிய மாமா, "விளையாட்டை விட்டுவிட்டு வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் கொம்பியூட்டர் சயன்ஸ் படிக்கச் சொல்லு" என்கிறார். இரண்டு பேரும் எதிரெதிராகக் கதைப்பதுபோலத் தெரிந்தாலும் நம்புவது ஒன்றையேதான்: 16 வயதில் எல்லாம் முடிவாகிவிடும் என்று. முன்னணி ஆட்டக்காரர் விஷயத்தில் அதில் கொஞ்சம் உண்மை உண்டு. கோல் காப்பாளர் விஷயத்தில் அது பிழை.

வட அமெரிக்காவின் முதன்மை லீக்கான என்.ஹெச்.எல்.லின் அணிகள் இளம் ஆட்டக்காரரை வரிசையாகத் தெரிவு செய்வதுதான் டிராஃப்ட். 2000ஆம் ஆண்டு டிராஃப்டை எடுத்துப் பாருங்கள். முதலாவதாக எடுக்கப்பட்டவரே ஒரு கோல் காப்பாளர், ரிக் டிபியெட்ரோ. காயங்கள் அவருடைய ஆட்ட வாழ்க்கையைத் தின்றுவிட்டன. அதே டிராஃப்டில் 205ஆவதாக எடுக்கப்பட்டவர் ஸ்வீடனின் ஹென்ரிக் லுண்ட்க்விஸ்ட். அவரை யாரும் அவசரப்படுத்தவில்லை. இன்னும் ஐந்து ஆண்டுகள் சொந்த நாட்டிலேயே ஆடினார். 2005இல், 23 வயதில், நியூயோர்க் ரேஞ்சர்ஸுக்கு வந்தார். 459 வெற்றிகளோடு விடைபெற்று 2023இல் ஹொக்கியின் புகழ் மண்டபமான ஹோல் ஒஃப் ஃபேமில் இடம் பிடித்தார். செர்கெய் பொப்ரொவ்ஸ்கி எந்த டிராஃப்டிலும் எடுக்கப்படாதவர். சிறந்த கோல் காப்பாளருக்கான வெசினா விருதை இரண்டு முறை வாங்கி, 2024இலும் 2025இலும் ஃபுளோரிடா அணியோடு என்.ஹெச்.எல். வெற்றிக் கிண்ணமான ஸ்டான்லி கோப்பையைத் தூக்கினார். டஸ்டின் வொல்ஃப் 2019இல் 217 பேரில் 214ஆவது. இன்று கல்கரி அணியின் காப்பாளர்.

இது அதிர்ஷ்டக் கதை இல்லை. இந்த வேலையின் தன்மையே அப்படி. ஆறடி அகலம், நான்கடி உயரம் உள்ள வலைக்கு முன்னால் நிற்பவனுக்கு வேகத்தைவிட வாசிப்பு முக்கியம்: சுடுபவனின் கை எப்படித் திரும்புகிறது, பின்கம்பத்தில் யார் தனியாக நிற்கிறான், தடுத்த பக் (ஆடும் வட்டத் தட்டு) எங்கே போய் விழும். இதை ஆயிரக்கணக்கான ஷொட்களை எதிர்கொண்டுதான் கண் பழகுகிறது. அணிகளும் 18 வயதுக் காப்பாளனைக் கணிக்கத் தயங்குகின்றன. 2022, 2023, 2024 டிராஃப்டுகளின் முதற்சுற்றில் ஒரு காப்பாளரைக்கூட யாரும் எடுக்கவில்லை.

மறுபக்கக் கணக்கையும் சொல்ல வேண்டும். என்.ஹெச்.எல்.லில் 32 அணி, அணிக்கு இரண்டு காப்பாளர்: உலகம் முழுவதற்கும் 64 இடம். அந்த 64இல் ஒன்றை நம்பி வீட்டை ஈடு வைக்க எந்தப் பெற்றோருக்கும் நான் சம்மதம் சொல்ல மாட்டேன். விடுதியோடு கூடிய அகடமிகளில் ஆண்டுக்கு 50,000 டொலரைத் தாண்டும் இடங்கள் உண்டு. அதற்கு மேல் காப்பாளனின் உபகரணம்: நல்ல கால் பேட் ஒரு சோடி மட்டுமே 2,000 டொலருக்கு மேல் போகும், வளரும் பிள்ளைக்கு அது விரைவில் சிறிதாகிவிடும். இவ்வளவு கொடுத்து அவர்கள் வாங்கச் சொல்வது அவசரத்தைத்தான். மாங்காயைப் புகை போட்டால் தோல் மஞ்சளாகும், உள்ளே புளிக்கும்.

உடம்பையும் யோசியுங்கள். பட்டர்ஃபிளை முறையில் ஒவ்வொரு முறை முழங்காலில் விழும்போதும் இடுப்பு மூட்டு உள்நோக்கித் திரும்புகிறது. இடுப்பு மூட்டில் எலும்போடு எலும்பு உரசும் பிரச்சினை இளம் காப்பாளர்களிடம் நன்றாகவே அறியப்பட்டது. 12 மாதமும் ஐஸில் நிற்க வைக்கும் எந்தத் திட்டத்தையும் நான் ஆதரிக்க மாட்டேன். கோடையில் பட்மின்டனோ உதைபந்தாட்டமோ ஆடட்டும்.

சரி, அப்படியானால் எங்கே போவது? மேஜர் ஜூனியர் (ஒன்ராறியோ ஹொக்கி லீக் போன்றவை), அமெரிக்கக் கல்லூரி இரண்டையும் பற்றி உங்கள் வீட்டில் நிறையக் கதைத்திருப்பீர்கள். ஒன்றை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். கனடிய மேஜர் ஜூனியரில் ஆடினால் அமெரிக்கக் கல்லூரிக் கதவு மூடிவிடும் என்று மாமா சொன்னது பழைய விதி. 2025 ஆகஸ்ட் 1 முதல் அது மாறிவிட்டது.

நம் ஆட்கள் எட்டிக்கூடப் பார்க்காத வழி கனடியப் பல்கலைக்கழக ஹொக்கி, யூ ஸ்போர்ட்ஸ். ரொறன்ரோவில் உள்ள அணிகளுக்கு ஸ்காபரோவில் இருந்து ரிரிசி பஸ், ரயிலிலேயே போய்விடலாம். ரொறன்ரோ பல்கலைக்கழகம் புளூர் வீதி வார்சிட்டி அரீனாவில் ஆடுகிறது. ரொறன்ரோ மெட்ரோபொலிட்டன் பழைய மேப்பிள் லீஃப் கார்டன்ஸின் மேல்தளத்தில் ஆடுகிறது. கீழே சுப்பர்மார்க்கெட், மேலே ஐஸ். ஒஷாவாவில் ஒன்ராறியோ டெக், சென் கத்தரின்ஸில் புரொக். ஒரு வெள்ளிக்கிழமை இரவு தம்பியோடு போய், வலைக்குப் பின்னால் உள்ள கண்ணாடிக்கு அருகில் நின்று பாருங்கள். எதிரே வருபவர்களில் பலர் மேஜர் ஜூனியரை முடித்து வந்த 21 முதல் 25 வயது ஆண்கள். ஷொட் கனமாக வரும். ஆட்டங்கள் பெரும்பாலும் வார இறுதியில், வாரநாட்கள் பயிற்சிக்கு. காப்பாளனுக்கு இந்த ஒழுங்கு தங்கம், ஏனெனில் அவன் பிழை திருத்துவது ஆட்டத்தில் அல்ல, பயிற்சியில். ஐந்து பருவங்கள்வரை ஆடலாம். உடம்பும் கண்ணும் முற்றும் வயதுவரை அவனுக்கு வலையும் பயிற்சியாளரும் இருப்பார்கள், கையில் பட்டமும் வரும். ஒன்ராறியோ மாணவருக்குக் கலை, அறிவியல் படிப்புகளின் கட்டணம் ஆண்டுக்குப் பத்தாயிரம் டொலருக்குள் அடங்கும், வீட்டில் இருந்தே போகலாம்.

அங்கிருந்து மேலே போக முடியுமா? லோகன் தொம்சன் டிராஃப்டில் எடுக்கப்படாதவர். 2018-19இல் புரொக் பல்கலைக்கழக அணியில் ஆடினார். அப்புறம் சிறு லீக்குகள் வழியாக வேகாஸ் அணிக்குப் போய், இப்போது வொஷிங்டனின் காப்பாளர். அவரைப்போல வந்தவர்கள் மிகக் குறைவு, அதை மறைக்கவில்லை. ஆனால் வராதவர்களும் வெறுங்கையோடு வெளியேறுவதில்லை. அதனால்தான் இந்த வழியைச் சொல்கிறேன்.

அதற்கு முன் இரண்டு மூன்று ஆண்டுகள் மேஜர் ஜூனியருக்குக் கீழ்ப்படியான உள்ளூர் ஜூனியர் ஏ போதும். பெரிய பெயருள்ள அணியில் வாங்கில் இருப்பதைவிட, சிறிய அணியில் வாரம் ஒரு ஆட்டமாவது முழுதாக ஆடுவது மேல்.

மாமாவிடம் சொல்ல ஒன்று. அக்கா, நீங்கள் படம் எடுத்து அனுப்பிய தம்பியின் கொப்பியைப் பார்த்தேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு வலை வரைந்து, வாங்கிய கோல் ஒவ்வொன்றுக்கும் புள்ளி வைத்திருக்கிறான். ஒரு பக்கத்தில் அருகுக் கம்பத்தின் மேல்மூலையில் மூன்று புள்ளி. கீழே அவன் கையெழுத்தில்: "அவன் சுட முதலே நான் விழுந்துவிட்டேன். தோளுக்கு மேலே இடம் விட்டேன்." யாரும் கேட்காமல் இப்படி எழுதுகிற பிள்ளைக்கு அசைவு, உடல், பயிற்சி பற்றி ஆராய்கிற மூளை இருக்கிறது. உடல் அசைவைப் படிக்கும் கினீசியோலொஜி அவனுக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன், அவனிடம் கேளுங்கள். கொம்பியூட்டர் சயன்ஸ் அவன் வாயில் இருந்து வராதவரை அதை மேசையில் வைக்காதீர்கள். அவனே ஹொக்கி போதும் என்றால், அன்றைக்கே நிறுத்துங்கள்; செலவழித்த காசைச் சொல்லிக் காட்டக் கூடாது.

இந்த மாதம் செய்ய வேண்டியவை. பாடத் தெரிவுப் படிவத்தில் யூனிவர்சிட்டி நிலைக் கணிதத்தையும் உயிரியலையும் ஹொக்கிக்காகக் கைவிட விடாதீர்கள். 12ஆம் வகுப்பில் ஆங்கிலம் உட்பட ஆறு 4யூ, 4எம் பாடங்கள் (பல்கலைக்கழக நுழைவுக்கான 12ஆம் வகுப்புப் பாடங்கள்) இல்லாமல் எந்த ஒன்ராறியோப் பல்கலைக்கழகமும் எடுக்காது. அமெரிக்கக் கதவும் திறந்திருக்க வேண்டுமென்றால் அவர்கள் கேட்கும் 16 அடிப்படைப் பாடங்களோடு இவற்றை ஒப்பிட்டுப் பாருங்கள். பல்கலைக்கழக அணிகளின் காப்பாளர் பயிற்சியாளர்களுக்குத் தம்பியே மின்னஞ்சல் எழுதட்டும், அப்பா எழுத வேண்டாம். நல்ல தடுப்புகளை மட்டும் வெட்டி ஒட்டிய காணொளியோடு, கோல் வாங்கிய ஒரு முழு ஆட்டத்தையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். அடுத்த ஷொட்டுக்கு அவன் எப்படி எழுந்து நிற்கிறான் என்பதைத்தான் அவர்கள் பார்ப்பார்கள். வங்கிக்கு வேண்டாம் என்று இந்த வாரமே சொல்லிவிடுங்கள்.