87 டன்னா, 150 டன்னா? தாத்தாவின் கப்பலை அளப்பது எப்படி

கேள்வி: என் அம்மாவின் தாத்தா தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே சரக்குக் கப்பல் ஓட்டியவர். பழைய வீட்டை இடித்தபோது பரணில் ஐந்தடி நீளமுள்ள தேக்கு உத்திரத் துண்டு ஒன்று கிடைத்தது. அதில் ஆறு இலக்க எண் ஒன்றும், ஆங்கில எழுத்தில் 'என்.ஆர்.டி. 87' என்பதும் உளியால் வெட்டப்பட்டிருக்கின்றன. கூடவே இருந்த 1927-ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரமோ '150 டன் பாரம் ஏற்றத்தக்க பாய்மரக் கப்பலில் 64-ல் 16 பங்கு' என்கிறது. நீளம் 76 அடி, அகலம் 21 அடி, ஆழம் 9 அடி என்றும் குறித்திருக்கிறது. டன் கணக்கு ஒத்துப்போகாததால் இரண்டும் வேறு வேறு கப்பல்கள் என்கிறார் பெரிய மாமா. எது சரி? கப்பல் எவ்வளவு பெரியது? மேற்கொண்டு எங்கே தேடுவது? உத்திரத்தை இழைத்து, மெருகு போட்டு வரவேற்பறையில் வைக்கத் தச்சரிடம் சொல்லியிருக்கிறோம்.
— வாசகர், திருநெல்வேலி

பதில்: முதலில் தச்சரை நிறுத்துங்கள். இழைப்புளி ஒருமுறை ஓடினால் போதும், உங்கள் கேள்விக்கான பாதி விடை சுருள் சுருளாகத் தரையில் விழுந்துவிடும். உலர்ந்த மென்மையான தூரிகையால் தூசியை மட்டும் தட்டுங்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, கைவிளக்கை மரத்தோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்துப் படம் எடுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத வெட்டுகள் நிழலில் எழுந்து நிற்கும். பிறகு மெல்லிய தாளை மேலே விரித்துக் கரித்துண்டால் தேய்த்து ஒரு படி எடுத்துக்கொள்ளுங்கள். 3-க்கும் 8-க்கும், 1-க்கும் 7-க்கும் இடையிலான குழப்பம் அதில் தீர்ந்துவிடும்.

உங்களிடம் இருப்பது கப்பலின் பிறப்புச் சான்றிதழுக்குச் சமம். பிரிட்டிஷ் ஆட்சிக்கால வணிகக் கப்பல் சட்டம், பதிவான ஒவ்வொரு கப்பலின் முதன்மை உத்திரத்திலும் அதன் அதிகாரபூர்வ எண்ணையும் பதிவு டன்னையும் செதுக்கச் சொன்னது. பெயரை எந்த நாளும் அழித்து வேறு பெயர் எழுதலாம். தட்டைத் (மேல்தளத்தை) தாங்கும் உத்திரத்தை மாற்ற வேண்டுமானால் கப்பலையே பிரிக்க வேண்டும். கப்பலை உடைத்தபோது யாரோ ஒருவர் இந்தத் துண்டை மட்டும் அறுத்து வீட்டுக்கு எடுத்து வந்திருக்கிறார். அவருக்கு அதன் அருமை தெரிந்திருக்கிறது.

இப்போது டன்னுக்கு வருவோம். உங்கள் மாமாவின் ஐயம் நியாயமானதுதான், ஆனால் முடிவு தவறு. 87, 150 இரண்டும் ஒரே கப்பலுக்குப் பொருந்தும். முதல் எண் இடத்தின் அளவு, இரண்டாவது எடையின் அளவு.

டன் என்ற சொல் ஒரு பீப்பாயின் பெயரிலிருந்து வந்தது. பிரான்சின் போர்தோவிலிருந்து இங்கிலாந்துக்குத் திராட்சை மது ஏற்றிச்சென்ற காலத்தில், ஒரு கப்பல் எவ்வளவு பெரியது என்பதற்கு அதில் எத்தனை பெரும் பீப்பாய்கள் அடங்கும் என்பதே கணக்கு. அந்தப் பீப்பாய்க்கு 'டன்' என்று பெயர். அது 252 காலன் கொண்டது, நம் கணக்கில் சுமார் 950 லிட்டர். நிரம்பிய பீப்பாய் ஏறக்குறைய 2,240 பவுண்டு எடை நின்றது. அங்கேதான் இடமும் எடையும் ஒரே சொல்லுக்குள் குடிபுகுந்தன. இன்றுவரை அவை பிரியவில்லை.

துறைமுக வரி, கலங்கரை விளக்கக் கட்டணம் எல்லாம் டன் கணக்கில் வாங்கப்பட்டன. டன் குறைந்தால் வரி குறையும். அதனால் அளக்கும் முறைக்கு ஏற்பக் கப்பலின் உருவமே மாறத் தொடங்கியது. 1773-இல் இங்கிலாந்தில் சட்டமான முறை, ஆழத்தை அளக்கவே இல்லை. நீளத்திலிருந்து அகலத்தின் ஐந்தில் மூன்று பங்கைக் கழித்து, மீதியை அகலத்தாலும் அகலத்தின் பாதியாலும் பெருக்கி, 94-ஆல் வகுக்க வேண்டும். ஆழம் அகலத்தில் பாதி என்று அவர்களாகவே வைத்துக்கொண்டார்கள். கப்பல் முதலாளிகள் சும்மா இருப்பார்களா? அகலத்தைக் குறைத்து ஆழத்தைக் கூட்டிக் கட்டச் சொன்னார்கள். தாளில் டன் குறைந்தது, வயிற்றில் சரக்கு கூடியது. ஒடுங்கி ஆழ்ந்த அந்தக் கப்பல்கள் மெதுவாகத்தான் ஓடின, காற்றில் எளிதில் சாய்ந்தன. ஒரு வகுத்தல் கணக்கின் பிழை மாலுமிகளின் உயிரோடு விளையாடியது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

உங்கள் கப்பலுக்கு இந்தப் பழைய கணக்கைப் போட்டுப் பார்த்தேன்: 149 வருகிறது! இதைக் கண்டு ஏமாந்துவிடாதீர்கள். 1927-இல் அந்த முறை வழக்கொழிந்து பல தலைமுறை ஆகியிருந்தது. உங்கள் பத்திரமும் 'பாரம் ஏற்றத்தக்க' என்று தெளிவாகச் சொல்கிறது. இது தற்செயலான ஒற்றுமை.

உத்திரத்தில் உள்ள 87-ஐக் கொடுத்தது 1854-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வந்த முறை. ஜார்ஜ் மூர்சம் என்பவர் வகுத்தது. கப்பலின் உட்புறத்தைக் குறுக்கே பல இடங்களில் அளந்து, உண்மையான கன அளவைக் கண்டுபிடிப்பது அதன் சாரம். அன்றைய பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களின் மொத்தக் கன அளவை அவற்றின் பழைய மொத்த டன்னால் வகுத்தபோது, ஒரு டன்னுக்கு 98 கன அடிக்குச் சற்று மேல் வந்தது. அதை 100 என்று முழுமையாக்கினார்கள். அன்று முதல் ஒரு பதிவு டன் என்றால் 100 கன அடி இடம். எடைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. மூடிய இடம் முழுவதையும் கணக்கிட்டால் மொத்தப் பதிவு டன். மாலுமிகள் தங்கும் அறை போன்று காசு ஈட்டாத இடங்களைக் கழித்தால் நிகரப் பதிவு டன். 'என்.ஆர்.டி.' என்பது இந்த நிகர அளவு.

ஆகவே 87 என்றால் 8,700 கன அடி. பத்தடி உயரக் கூரையுள்ள, 870 சதுர அடி வீடு ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். இரண்டு படுக்கையறை உள்ள ஒரு நடுத்தர வீட்டின் உள்ளிடம்தான் உங்கள் கொள்ளுத்தாத்தாவின் கப்பலில் சரக்குக்கு இருந்த இடம்.

பத்திரத்தில் உள்ள நீள அகலங்களோடு இது ஒத்துப்போகிறதா என்று பார்க்க ஒரு தோராய வழி உண்டு. மூன்றையும் பெருக்குங்கள்: 76 × 21 × 9 = 14,364. கப்பல் செவ்வகப் பெட்டி அல்ல. அணியத்தில் (முன்பக்கம்) கூர்ந்து, அமரத்தில் (பின்பக்கம்) ஒடுங்கி, ஏராவை (அடிமரம்) நோக்கிக் குறுகும். வயிறு பருத்த சரக்குக் கலத்துக்கு இந்தப் பெருக்கத்தில் மூன்றில் இரண்டு பங்கு எடுத்தால் போதும். அது சுமார் 9,600 கன அடி, அதாவது மொத்தப் பதிவு 96 டன். பாய்மரக் கப்பலில் எஞ்சின் அறை இல்லை, கழிப்பதற்கு அதிகம் இருக்காது. மாலுமி அறை, பாய் வைக்கும் அறை போன்றவற்றை விட்டால் 87 மிக இயல்பாக வந்து உட்காருகிறது. உத்திரமும் பத்திரமும் ஒரே கப்பலைத்தான் பேசுகின்றன என்று சொல்ல எனக்கு இதுவே போதுமானது. ஐயமறத் தீர்மானிக்க வேண்டுமானால் பதிவேட்டைப் பார்க்க வேண்டும், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

150 என்பது கப்பல் தூக்கும் எடை. மரத்தாலான பாய்மரக் கப்பல்கள் நிகரப் பதிவு டன்னைப்போல ஒன்றரை மடங்கு முதல் ஒன்றேமுக்கால் மடங்கு வரை எடை ஏற்றும் என்பது துறைமுகத்தில் புழங்கிய கைக்கணக்கு. 87-க்கு அது 130 முதல் 152 வரை வரும். விற்பவர் மேல் எல்லையைப் பத்திரத்தில் எழுதியிருக்கிறார். வரி கட்டும் இடத்தில் சின்ன எண், விலை பேசும் இடத்தில் பெரிய எண், இரண்டும் பொய்யில்லை.

இதை உப்பை வைத்துப் புரிந்துகொள்ளலாம். கொட்டிய கல்லுப்பு ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டன் நிற்கும். உங்கள் கப்பலின் இடம் 246 கன மீட்டர். 150 டன் உப்பு ஏற்றினால் சரக்கறை ஐந்தில் மூன்று பங்குதான் நிரம்பும். அதற்குள் கப்பல் தாழ வேண்டிய அளவுக்குத் தாழ்ந்துவிடும். மேலே காலியிடம் கண்ணுக்குத் தெரிகிறதே என்று இன்னும் நாற்பது டன் போட்டால் வாடைக்காற்றில் தட்டின் மேல் தண்ணீர் ஏறும். அதே கப்பலில் தென்னை நார் ஏற்றினால் கதை தலைகீழ். எடை பாதியை எட்டும் முன்பே அறை கூரைவரை அடைத்துக்கொள்ளும். எடைச் சரக்கா, இடச் சரக்கா என்று பார்த்துக் கூலி பேசத் தெரிந்தவர்தான் நல்ல தண்டையல், அதாவது கப்பல் தலைவர்.

நான் அளவைப் பணியில் சேர்ந்த புதிதில், பழைய தோணி ஒன்றின் சரக்கறைக்குள் அளவு நாடாவோடு இறங்கியிருக்கிறேன். கலப்பற்றுக்கு (பலகை இடுக்குகளை அடைப்பதற்கு) பூசிய எண்ணெயின் நெடியும் உப்பின் ஈரமும் கலந்து மூச்சு முட்டும். வங்குகளுக்கு (கப்பலின் விலா மரங்களுக்கு) மேல் அறைந்த உட்பலகையிலிருந்துதான் நாடாவைப் பிடிக்க வேண்டும். வெளிப்பலகை, வங்கு, உட்பலகை மூன்றும் சேர்ந்த கனம் ஒரு முழத்துக்குக் குறையவில்லை. அது கணக்கில் வராது. ஒரே வெளியளவுள்ள இரும்புக் கப்பலையும் மரக் கப்பலையும் அருகருகே நிறுத்தினால் மரக் கப்பலின் பதிவு டன் குறைவாக இருப்பது இதனால்தான்.

இந்தக் குழப்பம் உங்கள் வீட்டில் மட்டும் இல்லை. டைட்டானிக் 46,328 டன் எடையுள்ள கப்பல் என்று இன்றும் எழுதுகிறார்கள். அது பதிவு டன், அதாவது இட அளவு. நீரில் மிதந்தபோது அதன் எடை சுமார் 52,000 டன். இன்று சரக்குக் கப்பலில் வேலை பார்க்கும் பிள்ளைகள் '57 ஆயிரம் டன் கப்பல்' என்று சொன்னால் அது தூக்கும் எடை. அதே கப்பலின் மொத்த டன் அளவு 33 ஆயிரத்தை ஒட்டித்தான் இருக்கும். 1969-ஆம் ஆண்டு உடன்படிக்கை 1982-இல் நடைமுறைக்கு வந்த பிறகு, 100 கன அடிக் கணக்கும் போய், கன மீட்டரைச் சூத்திரத்தில் இட்டுப் பெறும் அலகில்லா எண் வந்துவிட்டது. நம் ஊரில் மூட்டைக் கணக்கும் உண்டு. வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல்களான காலியாவும் லாவோவும் ஆளுக்கு நாலாயிரம் மூட்டை ஏற்றும் என்றுதான் பேசப்பட்டது. வேறு குடும்பங்களின் தாள்களில் 'கண்டி' என்ற பழைய எடை அளவு இருந்தால், சென்னைக் கண்டி 500 பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். 600 கண்டி என்பது 136 மெட்ரிக் டன்.

இனித் தேடும் வழி. நீங்கள் அனுப்பிய ஆறு இலக்க எண்ணை இங்கே வெளியிடவில்லை, ஆனால் தேடலுக்கு அதுவே திறவுகோல். இந்த எண்முறை 1855-இல் தொடங்கியது. பிரிட்டிஷ் பேரரசு முழுவதற்கும் ஒரே தொடர். ஒரு கப்பலுக்குக் கொடுத்த எண் இன்னொன்றுக்குப் போகாது. ஆறு இலக்கம் என்றால் பொதுவாக 1890-களுக்குப் பிறகு பதிவானது. துறைமுகங்களுக்குத் தொகுதி தொகுதியாக எண் ஒதுக்கியதால், எண் வரிசையைக் கால வரிசையாக எடுத்துக்கொள்ள முடியாது.

பெயரை வைத்துத் தேடத் தொடங்காதீர்கள். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற 89 அடிப் பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்கினார். தமிழ் மாலுமிகள் அதை 1938 ஆகஸ்ட் 1 அன்று மாசசூசெட்சின் குளோஸ்டர் துறைமுகத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அங்கே அது 'புளோரன்ஸ் சி. ராபின்சன்'. அன்னபூரணி என்று தேடுபவருக்கு அங்கே எதுவும் கிடைக்காது. பெயர் மாறலாம், முதலாளி மாறலாம், எண் மாறாது.

பிரிட்டிஷ் அரசு ஆண்டுதோறும் வெளியிட்ட வணிகக் கடற்படைப் பட்டியலில், எண்ணுக்கு நேராகக் கப்பலின் பெயர், பதிவுத் துறைமுகம், கட்டிய ஊர், ஆண்டு, உரிமையாளர் பெயர் ஆகியவை இருக்கும். பழைய தொகுதிகளை 'குரூ லிஸ்ட் இண்டெக்ஸ் புராஜெக்ட்' என்ற இணையதளம் இலவசமாகத் தருகிறது. எண்ணைக் கொடுத்தே தேடலாம். 1927-ஐ ஒட்டிய தொகுதிகளில் பாய்க்கப்பல் பகுதியைப் பாருங்கள். நம் பெயர்களை ஆங்கிலேய எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள் என்பதால் உரிமையாளர் பெயரை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். பதிவு கொழும்பிலோ சென்னையிலோ இருக்கக்கூடும், தூத்துக்குடி என்ற சொல்லைக் காணாமல் சோர்ந்துவிட வேண்டாம்.

அடுத்த படி லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம். பதிவு முடிக்கப்பட்ட கப்பல்களின் தாள்கள் அங்கே பி.டி. 110 என்ற வரிசையில் இருக்கின்றன. இதற்குக் கட்டணம் உண்டு, கப்பலின் பெயரையும் துறைமுகத்தையும் பட்டியலில் உறுதிசெய்துகொண்ட பிறகே கேளுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காமல் விட்ட '64-ல் 16 பங்கு'. அன்றைய சட்டத்தில் பதிவான எந்தக் கப்பலும் 64 பங்குகளாகத்தான் பிரிக்கப்படும். இந்தியாவில் 1958-ஆம் ஆண்டுச் சட்டம் அதைப் பத்துப் பங்காக மாற்றியது. ஆக, பத்திரத்தின்படி உங்கள் கொள்ளுத்தாத்தாவுக்குக் கைமாறியது கால் கப்பல். எஞ்சிய 48 பங்கை யார் யார் வைத்திருந்தார்கள், எப்போது அடகு வைத்தார்கள், கடைசியில் கப்பல் என்ன ஆனது என்பதெல்லாம் பதிவுத் தாளின் பரிமாற்றப் பக்கத்தில் தேதியோடு இருக்கும். அதில் வரும் பெயர்களைக் குடும்பத்தில் வயதில் மூத்தவரிடம் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டுங்கள்.