மாருதி 800: நடு பிளக் மட்டும் ஆயிலில் நனைவது
மூன்று தடவை ஸ்பார்க் பிளக்கை மாற்றியும் நடுவில் இருப்பது மட்டும் ஆயிலில் நனைகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பிளக்கில் கோளாறு இல்லை. நான்காவது தடவை மாற்றினாலும் நனையத்தான் செய்யும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப்புகை வந்து இரண்டு நிமிஷத்தில் அடங்குகிறது என்கிறீர்கள். என் சந்தேகம் வால்வு சீல்மேல், அதாவது வால்வு வழியாக ஆயில் சிலிண்டருக்குள் இறங்காமல் தடுக்கும் ரப்பர் வளையத்தின்மேல். ராத்திரி முழுக்க ஆயில் கசிந்து இறங்கியிருக்கும்.

பாபநாசம் மேலணையிலிருந்து மலைரோட்டில் ஆக்சிலேட்டரை மிதிக்காமல் கியரிலேயே இறங்கி, கீழே வந்ததும் ஆக்சிலேட்டரை மிதியுங்கள். பின்னால் குப்பென்று புகை வந்தால் பெரும்பாலும் சீல்தான்.

அப்புறம் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தை அளந்து பாருங்கள். அளவு குறைந்தால் பிளக் ஓட்டையில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். நன்றாக ஏறினால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கு தேய்ந்திருக்கிறது. இதைப் பார்க்காமலே ‘போரிங் போட்டுருவோம் அண்ணாச்சி’ என்று சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

ஒன்று, நனைப்பது ஆயில்தான் என்றால் பிளக் முனை விரலில் பிசுபிசுக்க வேண்டும். பெட்ரோல் வாடை அடித்தால் அது ஆயிலே இல்லை, ஸ்பார்க் சரியாக விழவில்லை. பிளக் வயரைப் பாருங்கள்.