பழைய கார் கேள்வி-பதில்: வார்னிஷுக்கு முன்னால் குத்தூசி

கேள்வி: 1967 மோரிஸ் மைனர் டிராவலர் (பின்பாதியில் மரச்சட்டம் வைத்த பிரிட்டிஷ் கார்) ஒன்று வாங்கியிருக்கிறேன். எஞ்சின் நன்றாக ஓடுகிறது. பின்பக்க மரத்தின் அடிப்பகுதி மட்டும் கறுத்திருக்கிறது. விற்றவர், உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடித்தால் போதும் என்கிறார். அப்படியே செய்யலாமா?
— வாசகர், லெஸ்டர்

பதில்: இப்போது வேண்டாம். முதலில் ஒரு குத்தூசியை எடுத்துக்கொண்டு காரின் பக்கத்தில் உட்காருங்கள்.

இந்தக் காரில் மரம் அழகுக்காக ஒட்டியது இல்லை. முன்பாதி சாதாரண மைனர் காரின் எஃகு உடல்தான், ஆனால் முன்கதவுக்குப் பின்னால் கூரையையும் பக்க ஜன்னல் கண்ணாடிகளையும் பின்கதவுகளையும் தாங்கி நிற்பது ஆஷ் என்ற ஐரோப்பிய மரத்தில் செய்த சட்டம், அதற்கு நடுவே தெரிகிற தகடுகள் அலுமினியம். அதனால்தான் பிரிட்டனில் கார்களுக்கு ஆண்டுதோறும் நடக்கும் எம்ஓடி என்ற தகுதிச் சோதனையில் டிராவலரின் மரத்தையும் வண்டியின் கட்டுமானமாகவே பார்க்கிறார்கள். 40 வயது தாண்டி, பெரிதாக மாற்றப்படாத கார்களுக்கு 2018 மே மாதத்திலிருந்து அந்தச் சோதனை கட்டாயமில்லை. உங்கள் கார் அந்த வகையில்தான் வரும், ஆனாலும் வண்டியைச் சாலைக்குத் தகுதியாக வைத்திருக்கும் சட்டப் பொறுப்பு உங்களுடையது. சோதனை செய்கிறவர் பார்க்காததை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

பக்க ஜன்னல் கண்ணாடி நகர்கிற தடத்தில் ஆரம்பியுங்கள். அங்கே தண்ணீர் தேங்கும், பாசிகூட முளைக்கும், அந்த ஈரம் மெல்லக் கீழே இறங்கிச் சட்டத்தின் அடிக்கட்டைக்குள் போய்விடும். அப்புறம் சக்கர வளைவுக்கு மேலே உள்ள கட்டை, பின்கதவுத் தூண்களின் அடி, மூட்டுகள். கறுப்பு நிறத்தை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது, வார்னிஷ் விட்டுப்போன இடத்தில் நல்ல மரமும் மேலாகக் கறுக்கும். ஊசி முனை நின்றால் மரம் பிழைத்தது, இறங்கினால் அந்தக் கட்டையை மாற்றத்தான் வேண்டும். என் முதல் டிராவலரைப் பளபளப்பைப் பார்த்துத்தான் வாங்கினேன், வீட்டுக்கு வந்து குத்திப் பார்த்தால் ஊசி கைப்பிடி வரை போய்விட்டது, உள்ளே முழுக்கப் பட்டி அடைத்து மேலே மரநிறம் பூசியிருந்தார்கள். அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. பட்டி ஓட்டையை மூடும், பாரத்தைத் தாங்காது.

அளவாக இழைத்த ஆஷ் கட்டைகள் தொகுப்பாகவே விற்பனைக்குக் கிடைக்கின்றன. வாங்கினால் இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் கழற்றிவிடாதீர்கள், ஒரு பக்கம் நின்றால்தான் மறுபக்கத்துக்கு அளவு தெரியும், கூரையும் சாயாது. பசை போடாமல் முழுவதையும் ஒருமுறை கூட்டி, பின்கதவுகளை மாட்டி மூடிப் பாருங்கள், இடைவெளி மேலும் கீழும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு பசை எடுக்கலாம். துரு ஏறிய பழைய ஸ்க்ரூக்களைத் திரும்பப் போட வேண்டாம். ஒவ்வொரு கட்டையிலும் அறுத்த முனைதான் தண்ணீரை அதிகம் குடிக்கும், ஆகவே மரக்காப்பு எண்ணெயும் வார்னிஷும் கண்ணுக்குத் தெரியாத அந்த முனைகளுக்குத்தான் முதலில் போக வேண்டும். கூட்டி முடித்த பிறகு அங்கே தூரிகை நுழையாது.

கேள்வி: ஆஷ் அவ்வளவு சீக்கிரம் மக்கும் என்றால் தேக்கு போடக்கூடாதா?
— வாசகர், திருச்சி

பதில்: நம் ஊரில் மாட்டுவண்டிச் சக்கரத்துக்குத் தேக்கை விட்டுவிட்டுக் கருவேலத்தைத் தேடிப் போனார்களே, அதே கணக்குதான். ஆஷ் வளைந்து கொடுக்கும், அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். கோடரிக்கும் சுத்தியலுக்கும் பிரிட்டனில் அதில்தான் பிடி போடுவார்கள். இங்கிலாந்தின் மால்வெர்ன் ஊரில் மார்கன் என்ற ஸ்போர்ட்ஸ் கார்களின் உடற்சட்டத்தை இன்றும் ஆஷில்தான் செய்கிறார்கள். ஈரத்துக்குத் தேக்கு நன்றாகத் தாங்கும், மறுக்கவில்லை, ஆனால் அதிலிருக்கும் எண்ணெயால் பசையும் வார்னிஷும் சரியாகப் பிடிக்காது. இங்கே மூட்டு விட்டால் சட்டமே ஆடிவிடும். என் கார் என்றால் ஆஷ்தான். ஒரு கவலை மட்டும் உண்டு, ஆஷ் மரங்களைக் காயவைக்கும் பூஞ்சை நோய் 2012இல் பிரிட்டனிலும் கண்டறியப்பட்டது, அதிலிருந்து அங்கே காடு காடாக மரங்கள் பட்டுப்போகின்றன.

கேள்வி: மைனருக்கு இலங்கையில் தகடு செய்து பிரிட்டனுக்கு அனுப்பினார்கள் என்று அப்பா சொல்வார். உண்மையா?
— வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: உண்மைதான். இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர் பட்டறை நடத்திய சார்ல்ஸ் வேர் இலங்கையில் அதற்கான தொழிலைத் தொடங்கினார். அங்கே மைனர்கள் நிறைய ஓடின, கையால் தகடு தட்டி வடிவம் எடுக்கத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். அப்பா சொல்வதை எழுதி வையுங்கள்.

கேள்வி: மரம் புதிதாகப் போட்டாயிற்று. இனி என்ன செய்ய வேண்டும்?
— வாசகர், ஹாரோ

பதில்: கண்ணாடித் தடத்தை மாதம் ஒருமுறை ஒரு குச்சியால் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். குளிர்காலத்துக்கு முன்னால் வார்னிஷ் எங்காவது உரிந்திருக்கிறதா என்று பார்த்து, அந்த இடத்தை மட்டும் தேய்த்துக் காயவிட்டுப் பூசுங்கள். ஈரத்தின் மேல் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டுவிடும். காரைப் பிளாஸ்டிக் உறை போட்டு மூடி வைக்காதீர்கள், காற்று போகிற கொட்டகை போதும்.